வாடை என்று மூன்று தரம்

போன செவ்வாய்க்கிழமை முதியோர் சங்க மண்டபத்தில் என்னோடு கோபித்துக்கொண்டு, விளையாட்டைப் பாதியில் விட்டு, குடையையும் மறந்து எழும்பிப் போனவள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவளுக்கே தெரியும். குடை என்னிடம்தான் இருக்கிறது. வாசலில் நின்று அவள் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்.

"உனக்கு வேறை வேலை இல்லையோடி? கிழமைக்கொரு சட்டம் போடுறாய். எழுபது தாண்டியும் சோகி உருட்டிக்கொண்டு இருக்கிறாய்."

உண்மைதான், வேறு வேலை இல்லை. மாதம் ஒருதரம் முழங்காலைக் காட்டத் தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குப் போகிறேன். அங்கே வரிசையில் இருக்கும்போதும் என் தலைக்குள் கட்டங்கள்தான் ஓடும். எந்தக் கட்டத்தில் எதை வைத்தால் நீங்கள் கொட்டாவி விடாமல் இருப்பீர்கள் என்று யோசிப்பேன். என் இலக்கத்தைக் கூப்பிட்டது கேட்காமல் இரண்டு தரம் இருந்திருக்கிறேன்.

இந்தமுறை சங்க மலருக்கு ஆளுக்கொரு பழைய கதை தரவேண்டும் என்று நம்முடைய செயலாளர் பிள்ளை கேட்டாள். எனக்குக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெருவிரலை வைக்கத்தான் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாளாம். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன். அவளும் வேலை முடிந்து வந்து போனில் கேம் செய்யப் பழகுகிறாள். பொழுதுபோக்குக்குத்தான். "ஏழு கேம் தொடங்கிட்டன் அம்மம்மா, ஒண்டும் முடிக்கேல்லை" என்று சொல்லிவிட்டு இப்போது சிரிக்கிறாள். சிரிப்பையும் எழுது பிள்ளை.

செவ்வாய்க்கிழமைச் சண்டை ஒரு சட்டத்தால் வந்தது. எந்தச் சட்டம் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல் இந்த விளையாட்டை நான் எப்படிச் செய்தேன் என்று கேளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். வாடைக்காலம். கரையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வயல் பக்கத்து ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கடல் வடக்கே, வீடு தெற்கே. மார்கழியில் வாடைக்காற்று வடக்கிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும். கடல் கொந்தளிக்கும். வள்ளங்களை இழுத்துத் தென்னைகளுக்குக் கீழே ஏற்றிவிடுவார்கள். பொங்கல் வரைக்கும் ஆண்கள் எல்லோரும் வீட்டில்.

வீட்டில் இருக்கிற மீன்பிடிகாரனைப் போல ஒரு தொல்லை இல்லை. ஐயா, அதாவது என் அப்பா, காலையில் வலைக் கிழிசல் பொத்தத் தொடங்குவார். நாலு கண்ணி பொத்தியதும் எழும்பிக் கடற்கரைக்குப் போவார். காற்றை முகர்ந்து பார்ப்பார். திரும்பி வந்து அடுப்பில் இருக்கிற சட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார்.

"அதுக்கை என்ன, காத்து மாறினதோ எண்டு பாக்கிறியளோ?" என்று அம்மா கேட்பா.

மூடியை வைத்துவிட்டு மறுபடி கடற்கரைக்குப் போவார்.

எனக்கும் அந்தத் தவிப்பு இருந்தது. அண்ணை பள்ளிக்கூடம் போனான். நான் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்றேன். என்னை அனுப்பவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை. கைக்கு எப்போதும் ஏதாவது வேண்டும் எனக்கு. ஈர்க்கை முறிப்பேன், கரையில் சோகி, சோழி என்கிறார்களே அது, பொறுக்குவேன், பூவரசங்காயை இரண்டாய்ப் பிளந்து வள்ளம் செய்வேன். ஐயா பாய்க்கு ஒட்டுப்போட ஒரு புதுப் படங்குத்துண்டு, தடித்த வெள்ளைத் துணி, வாங்கி வைத்திருந்தார். வள்ளத்துப் பாயைத்தான் சொல்கிறேன், படுக்கிற பாய் இல்லை. அந்தத் துண்டைத் தாருங்கள் என்று மூன்று நாள் அழுதேன்.

"பொங்கல் மட்டும் வைச்சிரு. பொங்கல் முடிய நான் அதைப் பாயிலை தைக்கவேணும். கிழிச்சியோ, உன்ரை தோலைத்தான் உரிச்சுத் தைப்பன்" என்று தந்தார்.

கிழிக்கவில்லை. வள்ளத்துக்குப் பூசுகிற கீல், தார் மாதிரிக் கறுப்பாய், ஒரு சிரட்டையில் மிச்சம் இருந்தது. அதைக் கணப்பில் இளக்கி, ஈர்க்கால் தொட்டு, அந்தப் புதுத் துணி முழுக்கக் கோடு போட்டேன். எனக்கு எண்ணத் தெரிந்தது இருபது வரைக்கும். அதனால் அகலத்துக்குக் கைவிரல் பத்து, நீளத்துக்குக் கைவிரல் பத்தும் கால்விரல் இரண்டும். கீழே கடைசி வரி கரை. மேலே முதல் வரி மீன் இருக்கிற இடம். நடுவில் கடல். கடலில் அங்கங்கே சில கட்டங்களை முழுக்கக் கறுப்பாய்ப் பூசினேன். அது சுழி. கீல் மணம் என் தலைமயிரில் ஒரு கிழமை இருந்தது. இப்போதும் எங்காவது தார் ஊற்றி ரோட்டுப் போட்டால் நான் நின்று மூச்சு இழுத்துவிட்டுத்தான் போவேன். ஒருதரம் ஒரு லொறிக்காரன் ஏசினான்.

ஐயா துணியைப் பார்த்தார். நான் தோலை உரிக்கக் கொடுக்கத் தயாராய் நின்றேன்.

"கீல் பூசினது நல்லதுதான். தண்ணி ஊறாது" என்று சொல்லிவிட்டுக் காற்றுப் பார்க்கப் போய்விட்டார்.

விளையாட்டு இதுதான். அஞ்சு சோகியை எறிந்தால் எத்தனை மல்லாக்க விழுகிறதோ அத்தனை கட்டம் நேராய்ப் போகலாம். எந்தப் பக்கமும் போகலாம், ஆனால் நடுவில் வளைக்கக்கூடாது. மேலே போய் மூன்று மீன் எடுத்துக்கொண்டு முதலில் கரைக்கு வந்தவர் வென்றவர். மீன் என்றால் புளியங்கொட்டை, வள்ளம் என்றால் பூவரசங்காய்ப் பாதி. சுழியில் விழுந்தால் வள்ளம் போச்சு, எழும்பவேண்டியதுதான்.

பள்ளிக்கூட லீவில் நின்ற அண்ணை, பக்கத்து வீட்டுச் சினேகிதி, நான். மூன்று பேரும் விறாந்தையில் இருந்தோம். அன்று காலையில் தொடங்கியது, புட்டு அவிந்து, சாப்பிட்டு, கை கழுவி வந்தும் ஒருவர்கூட மீனைத் தொடவில்லை. சினேகிதி வலைக்குவியலில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். அண்ணை அவளுடைய வள்ளத்தை ஊதித் தள்ளினான். முதல்நாள் அப்படிப் போனது.

இரவெல்லாம் யோசித்து மீனை ஒரு வரி கீழே இறக்கினேன். அடுத்த நாள் சினேகிதியின் அம்மா கூப்பிட்டா, அவள் போனாள். இன்னொரு வரி இறக்கினேன். அண்ணைக்குப் பசித்தது, அவன் போனான். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பொங்கலுக்கு முதல், துணி கையைவிட்டுப் போகமுதல், ஒருதரம், ஒரேயொரு தரம், தொடங்கிய ஆட்கள் எழும்பாமல் கடைசிவரை இருந்து விளையாட்டு முடியவேண்டும். வெல்வது யாராக இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. முடியவேண்டும்.

செயலாளர் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். ஏழு பிள்ளை பெத்து ஒன்றுக்கும் பேர் வைக்காதவள் அல்லவா. எழுது எழுது.

ஆட்களை இருத்தவேண்டும் என்றால் பயம் வேண்டும் என்று எனக்குப் பட்டது. சுழிகளைக் கூட்டினேன். கடலில் பாதி கறுப்பு. அதுதான் நான் விட்ட பெரிய பிழை. ஏன் பெரிய பிழை என்று விளங்க எங்கள் வீட்டு மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மாமி ஐயாவின் தங்கச்சி. கலியாணம் முடித்து ஒரு வருசம். அந்த வருசச் சோளகத்தில் மாமா கடலுக்குப் போனவர் வரவில்லை. சோளகம் தெற்கிலிருந்து அடிக்கிற காற்று, கரையிலிருந்து வள்ளத்தை வெளியே தள்ளும். வள்ளமும் கிடைக்கவில்லை, பலகைத்துண்டும் கிடைக்கவில்லை. அந்தக் கரைக்கு அடித்துக்கொண்டு போயிருக்கும், இந்தியாவில் இருப்பார் என்று சிலர் சொன்னார்கள். செய்யவேண்டிய கிரியையைச் செய்து பொட்டை அழியுங்கள் என்று சிலர் வந்து சொன்னார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா. மாமி எங்கள் வீட்டுக்கு வந்து குசினியில் இருந்தா. பொட்டு இருந்தது. வாயில் பேச்சு இல்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒரு கட்டளை போட்டா. மாமிக்கு முன்னால் கடல் என்று சொல்லக்கூடாது. வள்ளம் என்று சொல்லக்கூடாது. மாமா பேர் கூடவே கூடாது. நினைத்துப் பாருங்கள், மீன்பிடிகாரன் வீட்டில்! ஐயா கடலுக்குப் போனால் "கீழை போயிட்டார்" என்று சொன்னோம். வள்ளத்தை "அது" என்றோம். ஐயா ஒருநாள் வந்து "அதுக்கு அடியிலை ஓட்டை" என்று சொல்ல, அம்மா குசினிப் பானையைத் தூக்கிப் பார்த்தா. மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நாங்கள் அவவைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லோரும் நம்பினோம்.

துணியையும் மாமி குசினியில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் விரிப்பேன். சுழிகளைக் கூட்டிய அன்று மூன்று எறியில் மூன்று பேருடைய வள்ளமும் போய்விட்டது. விளையாட ஆள் இல்லை. அண்ணை சோகியைத் தூக்கி எறிந்தான்.

"எல்லாற்றை வள்ளமும் கவிண்டு போச்சு! உது விளையாட்டோ, செத்தவீடோ?"

குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

அம்மா ஈர்க்குக்கட்டோடு வந்தா. அண்ணைக்கு ஒன்று, எனக்கு நாலு. சினேகிதி வேலி ஓட்டைக்குள்ளால் தப்பிவிட்டாள். துணியைச் சுருட்டி அரிசிப் பெட்டகத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அம்மா என் காதைப் பிடித்தா.

"வீட்டிலை ஒருத்தி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள், உனக்குச் சுழி கேக்குதோ, சுழி?"

அடியைவிட அந்தக் கேள்விதான் வலித்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மாமியை நினைத்து அழவில்லை. பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான் என்று அழுதேன்.

விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒருநாள் விட்டேன். இரண்டாம் நாள் தங்கச்சிக்குச் சோறு தீத்தும்போது கோப்பையில் பருக்கையை வரிசையாய் அடுக்கிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள். முற்றத்து மணலில் விரலால் கீறினேன், மழை அழித்தது. அடுப்புச் சாம்பலில் கீறினேன், அம்மா அள்ளிக் கொட்டினா. சினேகிதி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்னடி, உன்ரை கடல் வத்திப்போச்சோ?" என்று கேட்பாள். அந்த நக்கலுக்காகவே மறுபடி தொடங்குவேன். எங்கே பிழை என்று எனக்குத் தெரிந்திருந்தது. வள்ளம் போனவன் எழும்புகிறான். எழும்பியவன் திரும்பி வருவதில்லை. ஒருவர் எழும்பினால் மற்றவருக்கும் இருக்க மனம் இல்லை. பிழை தெரிந்தது, அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாக்குக்குள் சிக்கிய புழுவைப் போல அதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும். மழை. ஐயா காற்றுப் பார்க்கப் போய்விட்டார். அம்மா அடுப்படியில். அண்ணையும் சினேகிதியும் நானும் விறாந்தையில் சும்மா இருந்தோம். மாமி அரிசி எடுக்கப் பெட்டகத்தடிக்குப் போனா. வரும்போது கையில் அரிசி இல்லை. துணி இருந்தது.

"உது என்ன?" என்று கேட்டா.

அண்ணை, "ஒண்டுமில்லை மாமி, பாய்க்கு ஒட்டுப்போட..." என்று தொடங்கி, பாய் என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

மாமி துணியை விறாந்தையில் விரித்தா. கரையின் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்தா. கோடுகளை விரலால் தடவிப் பார்த்தா.

"எனக்கொரு வள்ளம் தா."

அந்தச் சொல்லை அவவின் வாயிலிருந்து ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்கிறோம். நான் ஒரு பூவரசங்காய்ப் பாதியை எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களைக் கேட்காமலே சோகியையும் அவவின் பக்கம் தள்ளிவிட்டேன். நாலாவதாய் ஒரு ஆள் வந்துவிட்டது என்ற சந்தோசத்தில்!

தொடங்கினோம். மாமி சோகியை நல்லாய் எறிந்தா. நாலு பேரும் நடுக்கடலுக்குப் போய்விட்டோம். மாமியின் அடுத்த எறியில் மூன்று விழுந்தது. இடப்பக்கம் போயிருக்கலாம், வெறுங்கட்டம். வலப்பக்கமும் வெறுங்கட்டம். மாமி நேரே போனா. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சுழி.

அப்போது அவ கவனிக்கவில்லை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அதுக்குள் போனால் என்ன என்று பார்க்கவேண்டும்போல இருந்திருக்கும்.

அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றதை அப்போதுதான் கண்டேன். அகப்பையிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. மாமி தன் வள்ளத்தைப் பார்த்தபடி என்னிடம் கேட்டா.

"இப்ப நான் என்ன செய்யிறது?"

எழும்பிப் போகவேண்டும். அதுதான் சட்டம். மற்றவர்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு நான் சொன்னது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"நீங்கள் எழும்ப வேண்டாம் மாமி. நீங்கள் இனிக் காத்து."

"என்ன காத்து?"

"எந்தக் காத்தெண்டாலும். நீங்கள் பேர் சொல்லுங்கோ. அந்தப் பக்கம் எங்கடை வள்ளம் எல்லாம் ரண்டு கட்டம் தள்ளுப்படும்."

மாமி மழையைப் பார்த்தா. "வாடை" என்றா.

வாடை கடலிலிருந்து கரைக்குத் தள்ளுகிற காற்று. மூன்று பேரும் இரண்டு கட்டம் கரைப்பக்கம் இறங்கினோம். அண்ணை தலையில் கை வைத்தான்.

"ஐயோ மாமி, வாடை வேண்டாம். மீன் கிட்டத்தான் நிண்டனான்!"

"வாடை" என்றா மாமி.

"ஒருக்கா அடிச்சால் காணும் மாமி!" என்று நான் கத்தினேன்.

"காத்து நீ சொல்ல நிக்குமோ? வாடை."

மூன்று பேருடைய வள்ளமும் கரையில் வந்து நின்றது. ஒருவரிடமும் மீன் இல்லை. வென்றவர் இல்லை. தோற்றவர் இல்லை. என் விளையாட்டு முதன்முதலாய் முடிந்திருக்கிறது, இப்படியா முடியவேண்டும்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கெடுத்துப் போட்டியள் மாமி! எல்லாத்தையும் கெடுத்துப் போட்டியள்!"

மாமி அதைக் காதில் வாங்கவில்லை. கரையில் நின்ற வள்ளங்களை விரலால் தொட்டு எண்ணினா. ஒண்டு, ரண்டு, மூண்டு. பிறகு கையை நீட்டிச் சுழிக்குள் கிடந்த தன் வள்ளத்தை நகத்தால் கிளப்பி எடுத்து, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தா. நேராய் நிற்கும்படி ஒருதரம் திருத்தினா.

"இன்னொருக்கா விளையாடுவம்" என்றா.

எனக்கு அழுகை அந்த இடத்திலேயே நின்றது. இன்னொருக்கா! அந்த வாடைக்காலம் முழுக்க அந்தச் சொல்லை ஒருவரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அம்மா அகப்பையோடு வந்து, குழம்புக் கையோடேயே என் பக்கத்தில் இருந்தா.

"எனக்கும் ஒரு வள்ளம் தாடி" என்றா.

மூன்று நாளும் விளையாடினோம். யாரும் பாதியில் எழும்பவில்லை. வள்ளம் போனவர்களுக்குத்தான் கொண்டாட்டம். அண்ணை சோளகமாய் அடித்து எங்களை வெளியே துரத்தினான். மாமி எப்போதும் வாடைதான்.

பொங்கல் முடிந்ததும் ஐயா துணியைப் பாயில் தைத்துவிட்டார். வெள்ளைப் பாயின் நடுவில் கறுப்புக் கட்டம். கடலுக்குப் போகும்போது கரையிலிருந்து பார்த்தால் ஊரில் வேறு எந்த வள்ளத்தையும் தேடத் தேவையில்லை. பின்னேரங்களில் மாமி கரைக்கு வந்து நின்று, "உந்தா, உன்ரை விளையாட்டு வருது" என்று சொல்லுவா. மாமா வரவில்லை. அடுத்த சோளகத்திலும் வரவில்லை, அதற்கடுத்த சோளகத்திலும் இல்லை. பாயும் வள்ளமும் வீடும் பிறகு நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் போனவை. அதை இங்கே சொல்லவில்லை, உங்களுக்கும் தெரிந்த கதைதான்.

இப்போது நம்முடைய துணி பழைய கட்டில் விரிப்பு. செயலாளர் பிள்ளை மார்க்கர் பேனையால் கோடு போட்டவள். காற்று ஒரு முறைக்கு ஒருதரம்தான் அடிக்கலாம் என்பது நான் போன மாதம் போட்ட சட்டம். நியாயமான சட்டம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போட்டேன். போன செவ்வாய்க்கிழமை ஒருத்தியின் வள்ளம் சுழிக்குள் போனது. அவள் காற்றானாள். வாடை, வாடை, வாடை என்று மூச்சு விடாமல் மூன்று தரம் சொன்னாள். "ஒருக்காத்தான்! விளையாட்டைக் கெடுத்துப் போட்டாய்!" என்று நான் கத்தினேன். அவள் எழும்பிப் போனாள்.

இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே பிடிபட்டது. பத்து வயதில் கத்திய அதே சொல்லை எழுபது தாண்டியும் கத்தியிருக்கிறேன். குடைக்காரி, உனக்கு நாலு பிள்ளைகள், நாலும் நாலு தேசத்தில். மூத்தவன் கடைசியாய் வந்து பதினைந்து வருசம். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை குடை எடுக்க வா. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன், செயலாளர் பிள்ளை குறித்துக்கொண்டாள். முதல் எறியிலேயே போய்ச் சுழிக்குள் விழு. எத்தனை தரம் வேண்டுமானாலும் வாடை என்று சொல்லு. எல்லாம் கரைக்கு வந்து நின்றதும் இன்னொருக்கா விளையாடுவம்.